நனைந்த படுக்கையும் ஒளித்துவைத்த பாணும்

பெற்றோரின்றித் தனித்து வந்து அகதி அந்தஸ்துக் கோரும் பிள்ளைகளை மேற்கு நாடுகள் பலவற்றில் அரசே பொறுப்பேற்று வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கின்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எமது பிள்ளைகள் சிலரும் இவ்விதம் வேற்று மொழி பேசும் வீடுகளில் வளர்ந்தனர். வேறு பலர் மாமா வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ வளர்ந்தனர். உணவுக்கும் உடைக்கும் பெரும்பாலும் குறைவிருக்கவில்லை. ஆயினும் இரு வகை வீடுகளிலும் சில மாதங்களில் ஒரே முறைப்பாடே எழுந்தது: "எவ்வளவு செய்தும் பிள்ளைக்கு நன்றியில்லை."

இம்முறைப்பாடு எமக்கு மட்டும் உரியதன்று. 1939 செப்டெம்பரில், குண்டுவீச்சுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களிலிருந்து சுமார் 15 இலட்சம் பேர் சில நாட்களுள் நாட்டுப்புறங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோரைப் பிரிந்து சென்ற பாடசாலைப் பிள்ளைகள். அவர்களை ஏற்ற வீட்டார் பெரிதும் முறையிட்டது, பிள்ளைகள் படுக்கையை நனைப்பது பற்றியே. சேரித் தாய்மாரின் வளர்ப்புக் குறையென்று பழி சொன்னோர் பலர். அது பிரிவுத் துயரின் வெளிப்பாடு எனக் கண்டோர் சிலரே. அவ்வாண்டு டிசெம்பரில் ஜோன் போல்பி, இமானுவேல் மில்லர், டொனால்ட் வினிக்கொட் ஆகிய மூன்று மருத்துவர்கள் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினர். இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதினரைத் தாயிடமிருந்து பிரிப்பது பாரதூரமான உளச்சிக்கல்களைத் தோற்றுவிக்கும் என்பதே அவர்களது எச்சரிக்கை.

எந்த வீட்டிலும் நிலைக்காத பிள்ளைகளுக்கென ஒக்ஸ்போர்ட்ஷயரில் அமைக்கப்பட்ட விடுதிகளில் வினிக்கொட் பணியாற்றினார். 1949இல் வெளியான அவரது கட்டுரையொன்று வளர்ப்புப் பெற்றோர் யாவரும் அறியவேண்டிய உண்மையொன்றைச் சொல்கின்றது. வீட்டை இழந்த பிள்ளை, புதிய வீட்டில் நம்பிக்கை துளிர்க்கும் வேளையிலேயே அவ்வீட்டைச் சோதிக்கத் தொடங்குகின்றது. முதல் மாதம் அடங்கியிருந்த பிள்ளை மூன்றாம் மாதம் பொய் சொல்வதும் பொருட்களை உடைப்பதும் இதனாலேயே. "இப்படியிருந்தாலும் என்னை வைத்திருப்பார்களா?" என்பதே அதன் கேள்வி. வினிக்கொட்டும் அவர் மனைவியும் ஓடிப்போகும் வழக்கமுடைய ஒன்பது வயதுச் சிறுவனொருவனை மூன்று மாதம் தம் வீட்டில் வைத்திருந்தனர். அவன் மூர்க்கமடையும்போது அவனை வாசலுக்கு வெளியே விடுவாராம். இது எமக்கு உவப்பானதன்று. ஆனால் அங்கே அவனுக்கென ஒரு மணி இருந்தது. அதை அடித்தால் கதவு திறக்கும். நடந்தது பற்றி ஒரு சொல்லும் பேசப்படாது.

எமது உறவினர் வீடுகளில் பிரம்புதான் முதலில் வந்தது. அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார் என்பார்கள். ஷெல் வீச்சைக் கண்டு வந்த பிள்ளைக்கு அடி எதைக் கற்பிக்கும்? தலையணைக்கடியில் பாண் துண்டை ஒளிப்பது களவன்று. பசித்திருந்த நாட்களின் நினைவு. ஹெலிகொப்டர் ஒலி கேட்டு மேசைக்கடியில் புகும் பிள்ளைக்குப் பதுங்குகுழி எதுவென்று தெரியும். வெள்ளையின வளர்ப்புத் தாய்க்குத் தெரியாது. விருந்தினர் முன்னிலையில் "அங்கே நடந்ததைச் சொல்லு" என்று கேட்கும் எம்மவர் வழக்கமோ இவையெல்லாவற்றிலும் கொடிது.

1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம், அதன் 20ஆம் உறுப்புரையில், குடும்பத்தை இழந்த பிள்ளையின் இன, மத, பண்பாட்டு, மொழிப் பின்னணியைக் கவனத்தில் கொள்ளுமாறு கூறுகின்றது. எனினும் வளர்ப்புப் பெற்றோராக விண்ணப்பிக்க எம்மவர் தயங்குகின்றனர். சிறுவர் நல அலுவலகம் என்றதும், பிள்ளையைப் பறிக்கும் இடம் என்ற அச்சமே முதலில் எழுகின்றது. அவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் இன்று ஆப்கானிஸ்தானிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் தனித்து வரும் பிள்ளைகள் ஏன் இரவில் உறங்குவதில்லை என்பதை விளக்காமலே அறியக்கூடியவர்கள் எம்மிடையே ஆயிரக்கணக்கில் உள்ளனர். ஆண்டுதோறும் கலைவிழாவுக்கு மண்டபம் எடுக்கும் எமது சங்கங்கள், அதே மண்டபத்தில் ஒரு மாலைப்பொழுது வளர்ப்புப் பராமரிப்பு அலுவலரை அழைத்து, விண்ணப்ப முறையைத் தமிழில் விளக்குவிக்கலாம்.