சிறிய உலை, பெரிய கேள்வி

திருமயத்திலே ஒரு தொழிற்சாலை இருக்கிறது. மின் நிலையங்களுக்குக் குழாய் செய்யும் ‘பெல்’ தொழிற்சாலை, 2013-இல் திறக்கப்பட்டது, மக்கள் பணத்தில் எழுந்தது. அதை நம்பி வாழும் தோழர்கள் இன்று டில்லியை உற்றுக் கவனிக்க வேண்டும்.

ஏன்? சிறு அணு உலைகளுக்கென 20,000 கோடி ரூபாய்த் திட்டத்தை 2025 பட்ஜெட்டில் மத்திய சர்க்கார் அறிவித்தது. 2033-க்குள் குறைந்தது ஐந்து உலைகள் ஓட வேண்டுமாம்.

இரவில் வெயில் இல்லை. எல்லா மாதமும் காற்று இல்லை. நிலக்கரிப் புகையோ உலகைச் சுடுகிறது. ஆகவே அணு மின்சாரம் என்றதுமே முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

சிறு உலை என்பது 300 மெகாவாட் வரை. அளவுதான் புதுமை என்றால், 1984-இல் மின் உற்பத்திக்கு வந்த 220 மெகாவாட் கல்பாக்கம் உலையும் சிறு உலைதான்! புதுமை வேறிடத்தில் இருக்கிறது. பாகங்களைத் தொழிற்சாலையிலே வரிசையாகச் செய்து, கொண்டுபோய்ப் பொருத்துவது. அதனால் செலவு குறையும் என்பது. பல உலைகள் செய்தால்தான் அந்தக் கணக்குப் பலிக்கும். அமெரிக்காவிலே யூட்டா மாநில மின்வாரியங்களுக்கென வகுத்த திட்டம், செலவு ஏறியதால், ஓர் உலைகூட எழுமுன்பே 2023-இல் கைவிடப்பட்டது.

ஆக, முதல் உலைகளின் நட்டத்தை யாரோ சுமக்க வேண்டும். சுமப்பது மக்கள் பணம் என்றால், வேலையும் மக்கள் தொழிற்சாலைக்கே வரவேண்டாமா? அணு உலைக்கு நீராவிக் கலன் செய்து பழகிய கைகள் திருச்சி ‘பெல்’லில் உண்டு. குழாய்க்குத் திருமயம் உண்டு. நட்டம் நமக்கு, லாபம் முதலாளிக்கு என்பது என்ன நீதி?

இன்னொன்று. 2025 டிசம்பரில் வந்த புதிய அணுசக்திச் சட்டம் தனியார் முதலாளிகளுக்கும் கதவைத் திறந்தது. விபத்து நேர்ந்தால் உலையை நடத்துவோர் தரவேண்டிய தொகைக்கு, உலையின் அளவைப் பொறுத்து, 100 கோடி முதல் 3,000 கோடி வரை வரம்பு கட்டியது. உலை சிறுத்தால் பொறுப்பும் சிறுக்கிறது! பாழாகும் நிலமும் சாகும் உயிரும் அப்படிச் சிறுக்குமா? 1984-இல் போபால் தந்த பாடம் அதற்குள் மறந்துவிட்டதா?

எந்த ஊரில் உலை என்றாலும், அவ்வூராரைக் கேட்காமல் கல் நடலாகாது. கேட்காமல் வந்தால் என்னாகும் என்பதை 2017-இல் நெடுவாசல் காட்டியது.

உலை வரட்டும், உழைப்பவன் கையால் வரட்டும். லாபம் எவனுக்கோ, பொறுப்பும் அவனுக்கே என்று எழுதிவிட்டு வரட்டும்!