மில்லிமீட்டர் போதாது, தொட்டிக் கணக்கு வேண்டும்

உலக வானிலை ஆய்வு அமைப்பின் பொதுச்செயலாளர் பேராசிரியர் செலஸ்டே சவுலோ அவர்களுக்கு,

பசிபிக் தீவுகளுக்கென வெளியாகும் பருவகால மழைக் கணிப்பு இன்று மூன்று சொற்களில் பேசுகிறது: இயல்பைவிட அதிகம், இயல்பையொட்டி, இயல்பைவிடக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று ஓர் எண். கடந்த பல ஆண்டுகளின் மழையளவை மூன்று சம பங்காகப் பிரித்து இந்த வகைகள் வகுக்கப்படுகின்றன. அறிவியல் நோக்கில் அதில் குறையேதும் இல்லை. ஆனால் ஆறு, ஏரி, அணை எதுவுமற்ற பவளத் தீவில் வாழ்பவர் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டுத் தொட்டித் தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும்? அந்த விடையைக் கணிப்பிலேயே தர வேண்டும், அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் உதவி தானாகவே புறப்பட வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

துவாலுவில் நடந்ததைப் பாருங்கள். தலைநகர் ஃபுனாஃபுட்டியில் ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அத்தனை மழை பெறும் நாடு 2011 செப்டம்பர் 28 அன்று தண்ணீர்ப் பஞ்சத்தால் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு இரண்டு வாளி, அதாவது 40 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை நியூசிலாந்து விமானப்படை ஏற்றிக்கொண்டு வந்தது. இது திடீரென்று வந்த இடர் அல்ல. நடுப் பசிபிக்கின் கடற்பரப்பு வழக்கத்தைவிடக் குளிரும் லா நினா 2010-ஆம் ஆண்டின் நடுவிலேயே உருவாகிவிட்டதை உலகின் பெரிய வானிலை மையங்கள் அறிவித்திருந்தன. லா நினா வலுத்தால் சாலமன் தீவுகளிலிருந்து தென்கிழக்காக நீளும் மழைமேகப் பட்டை தென்மேற்கே நகர்ந்துவிடும், துவாலு வறளும் என்பதும் அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. பத்தாண்டு கழித்து மூன்று ஆண்டுகள் நீடித்த லா நினாவின்போதும் இதே கதைதான்: 2022 ஜூனில் கிரிபாட்டி, அதே ஆண்டு நவம்பரில் துவாலு. பசிபிக்கின் வெப்பநிலையை நாம் கணிக்கக் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்தக் கணிப்பு தொட்டியை எட்டும் முன்பே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஐம்பது சதுர மீட்டர் தகரக் கூரை, 10,000 லிட்டர் தொட்டி, ஆறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர்: மாதத்துக்கு 7,200 லிட்டர் வேண்டும். மாதம் 200 மில்லிமீட்டர் பெய்தால் 10,000 லிட்டர் சேரும். சிந்தியது, வழிந்தது போனாலும் தட்டுப்பாடில்லை. வெறும் 40 மில்லிமீட்டர் என்றால் 2,000 லிட்டர்தான், எட்டு நாளுக்குத்தான் வரும். ஃபுனாஃபுட்டி போன்ற மழைவளமான ஊரில் இந்த இரண்டு மாதங்களுமே 'இயல்பைவிடக் குறைவு' என்ற ஒரே பெட்டிக்குள் விழக்கூடும். ஒன்றில் கவலைப்பட ஏதுமில்லை, மற்றொன்றில் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. கூரை ஓரத்துப் பீலி ஓட்டையாகவோ இலை அடைத்தோ கிடந்தால் சேர்வது இன்னும் குறையும். மில்லிமீட்டர் கணக்குக்கு அது தெரியாது. தொட்டி தீர்ந்தால் கிணறு இருக்கிறதே என்பார்கள். பவளத் தீவின் கிணற்று நீர், மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதுதான். கடல்மட்டத்துக்கு மேலே அது ஓர் அடி உயர்ந்திருந்தால் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் நன்னீர் இருக்கும். மேல்மட்டம் கொஞ்சம் இறங்கினாலே அடியிலிருந்து உப்பு பல மடங்கு ஏறி வரும். அங்கே கிணறு வற்றுவதற்கு முன்பே உப்புக் கரித்துவிடுகிறது.

எல்லாத் தீவுக்கும் ஒரே எச்சரிக்கையும் பொருந்தாது. 2016 பிப்ரவரியில் மார்ஷல் தீவுகள் வறட்சி நெருக்கடியை அறிவித்தபோது அங்கே காரணம், லா நினாவுக்கு நேர்மாறாகக் கடல் சூடாகும் எல் நினோ. அதே எல் நினோ கிரிபாட்டிக்கு மழையைக் கொண்டுவருவது. ஆகவே வட்டார வரைபடம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாமல், தீவுவாரியாக நாள்கணக்கு வேண்டும்.

கணிப்பு பொய்த்தால் மக்களின் நம்பிக்கை போய்விடுமே என்ற மறுப்பு எழும். நியாயமான அச்சம்தான். எல் நினோ, லா நினாவை ஆண்டின் முற்பகுதியில் கணிப்பது கடினம் என்பதும் உண்மை. ஆனால் முன்கூட்டி எதைச் செய்யச் சொல்கிறோம்? பீலியைச் சுத்தம் செய்வது, கசியும் தொட்டியை அடைப்பது, பள்ளிக்கூடத் தொட்டியை நிரப்பிப் பூட்டிவைப்பது, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்துக்கு உதிரிப்பாகம் வரவழைப்பது. மழை கொட்டினாலும் இவற்றில் எதுவும் வீணாகாது. கடல்நீர் சுத்திகரிப்பு இருக்கும்போது மழைக் கணிப்பு எதற்கு என்பவர்களுக்கும் இதுவே பதில்: அந்த இயந்திரத்துக்கு டீசலும் வடிகட்டிச் சவ்வும் கப்பலில் வர வேண்டும், கப்பலுக்கு வாரக்கணக்கில் முன்னறிவிப்பு வேண்டும். தொட்டிகளை எண்ணுவது அந்தந்த அரசின் வேலை, வானிலை அமைப்பின் வேலையல்ல என்ற வாதத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. புயல் போன்ற இடர்களில் காற்றின் வேகம் போன்ற அளவை மட்டும் சொன்னால் போதாது, அது என்ன செய்யும் என்பதையும் சொல்லுங்கள் என்று 2015-லேயே வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது உங்கள் அமைப்பு. சத்தமில்லாமல் வருகிறது என்பதற்காக வறட்சிக்கு அந்த நெறி பொருந்தாமல் போகுமா?

2027-க்குள் உலகில் அனைவருக்கும் முன்னெச்சரிக்கை என்ற ஐ.நா. திட்டத்தில் உங்கள் அமைப்பு முன்னணியில் நிற்கிறது. பசிபிக் தீவுகளின் பருவநிலைக் கணிப்பு மன்றம் அடுத்த முறை கூடும்போது ஃபுனாஃபுட்டி, கிரிபாட்டியின் தாராவா, மார்ஷல் தீவுகளின் மஜுரோ ஆகிய மூன்று ஊர்களுக்கு மட்டுமாவது, மழை விழுக்காட்டுக்குப் பக்கத்தில் தொட்டி நாள்கணக்கு ஒரு வரி சேரட்டும். அந்த எண் 30-க்குக் கீழே போனால் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் எந்த நிதி விடுவிக்கப்படும், எந்தக் கப்பல் புறப்படும் என்பதை நன்கொடை நாடுகளோடு இப்போதே பேசி எழுதிவையுங்கள். வெளித்தீவுகளில் பழுதாகிக் கிடக்கும் மழைமானிகளைச் சரிசெய்வதை இந்தக் கணக்கிலேயே முதல் செலவாக வையுங்கள். அளவீடு இல்லாமல் கணிப்பும் இல்லை.