பவழம் பார்த்த கதை

கரிபியன் கடலில் ஏதோ ஒரு தீவுக்கு விடுமுறைக்குச் சென்று திரும்பிய நண்பர் ஒருவர், சென்ற வாரம் நம்மிடம் ஒரு மணி நேரம் பெருமை அளந்தார். ஜன சந்தடியற்ற கடற்கரையாம்! கண்ணாடி முகமூடி அணிந்து, மூச்சுக்குழாயை வாயில் கவ்விக்கொண்டு மிதந்தால், கீழே பவழப் பாறைகளும் வர்ண மீன்களும் தெரியுமாம்! மாசி வீதி வெயிலில் வெந்துகொண்டிருந்த நாம் பெருமூச்சு விட்டோம். பிறகு தேசப் படத்தை எடுத்துப் பார்த்தோம், வெட்கமாயிருந்தது.

மதுரையிலிருந்து இராமேசுவரம் சுமார் 160 கிலோமீட்டர் தூரந்தான். அங்கிருந்து தூத்துக்குடி வரையில் மன்னார் வளைகுடாவில் 21 பவழத் தீவுகள் என்று கணக்கு. உடனே ரயிலேறினோம். மானாமதுரை, பரமக்குடிப் பொட்டல்களைத் தாண்டி, 2025-ல் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் வழியே போய் இறங்கினோம். தெற்கே அலை மோதும் வளைகுடா 'ஆண் கடல்'. வடக்கே குளம்போல் கிடக்கும் பாக் நீரிணை 'பெண் கடல்' என்பது அவ்வூர் வழக்கு. பெண் கடலில் நாமும் முகமூடி அணிந்து மிதந்தோம். நண்பர் சொன்னது அத்தனையும் அங்கே இருந்தது!

களைப்பில் ஒரு பாறைமேல் காலை ஊன்றப் போனோம். "ஐயா, மிதிக்காதீங்க! அதுக்கு உசிரு இருக்கு!" என்று படகுக்காரர் கூவினார். உண்மைதான். பவழம் என்பது சின்னஞ்சிறு பிராணிகள் கட்டும் வீடு. உருண்டு திரண்ட வகை வருஷத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டரே வளரும். சுண்ணாம்புக்காக அதை வெட்டி எடுத்ததன் பலனாக, விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீரில் அமிழ்ந்தே போயின. 1986-ல் இத்தீவுகள் தேசியப் பூங்காவாயின.

மறுநாள் பாம்பன் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கடற்பாசி எடுக்கும் பெண்மணிகளைக் கண்டோம். அவர்களுக்கு மூச்சுக்குழாய் கிடையாது. விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்குகிறார்கள். நம் மதுரை ஜிகர்தண்டாவில் வழுக்கிக்கொண்டு இறங்கும் 'கடற்பாசி' இத்தகைய பாசியிலிருந்து காய்ச்சியதே. தீவுகளுக்குப் போகத் தடை வந்தபோது அவர்கள் பிழைப்பில் மண் விழுந்தது. அப்படியிருந்தும், பாசி மறுபடி வளர வேண்டுமென்று, மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பதென அவர்களே கட்டுப்பாடு செய்துகொண்டார்கள். வயிற்றுக்காகக் கடலில் இறங்குகிறவர்களுக்கு இவ்வளவு நிதானம் இருக்குமானால், வேடிக்கை பார்க்க இறங்கும் நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

"ஞாபகார்த்தமாக ஒரு பவழத் துண்டாவது கொண்டு வந்தீரா?" என்று கேட்டார் நண்பர். கொண்டு வரவில்லை. சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். அடுத்த முறை போகும்போது அந்தப் பெண்மணிகளின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பது மற்றொன்று.