ஊதுவாயும் நாணலும்

விருத்தாசலம் என்றவுடன் பீங்கானும் பழமலைநாதர் கோயிலும் நினைவுக்கு வருவது இயல்பு. சுந்தரமூர்த்தி நாயனார் அவ்வூர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்னும் வரலாற்றையொட்டி, ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுதல்’ என்னும் வழக்கும் நம் மொழியில் நிலைத்துவிட்டது. கிளாரினெட் கற்கப் புகும் இளைஞர் திறத்தில் நாம் செய்வதும் இதுவே என்பது எம் கருத்து. நாதம் கெடுவது வாயருகே. நாம் தேடுவதோ மாணாக்கனின் விரலிலும் மூச்சிலும்!

வாத்தியக் குழுக்கள் பலவற்றில் நிகழ்வது யாது? நல்ல கருவி மூத்தோர்க்குச் செல்லும். புதிதாய்ச் சேர்ந்தவனுக்கோ, நுனி சிதைந்த பழைய ஊதுவாயும் முன்னொருவன் கழித்த நாணலுமே கிட்டும். சில வாரம் சீறலும் கீச்சொலியுமே எழ, தனக்குச் சங்கீதம் வாராதென்று அவன் விலகிவிடுகிறான். இவ்வாறு நாம் இழந்தவர் எத்துணையரோ! பீங்கான் தொழிலோர் சூளையில் வெடித்த கலத்தைக் கண்டு தீயை மட்டும் நோவதில்லை. மண்ணையும் அதனைப் பதப்படுத்திய வகையையும் ஆராய்வர். அவ்வாராய்ச்சி இசைக்கும் வேண்டுவதன்றோ?

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். நாகசுரத்தில் மாற்றுச் சீவாளிகள் கயிற்றில் தொங்குவதையும், அவற்றைத் திருத்தும் ஊசி உடனிருப்பதையும் யாவரும் கண்டிருப்போம். சீவாளியே நாதத்தின் பிறப்பிடம் என்பது அவர்தம் துணிபு. 1700-ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் டென்னர் என்பாரால் உருப்பெற்ற கிளாரினெட், நம் நாட்டிற் சதிர்க் கச்சேரியில் இடம்பெற்றது. பின்னர்த் தனிக் கச்சேரிக்கும் உரியதாயிற்று. அவ்விசையில் வல்ல திருச்சி ஏ.கே.சி. நடராஜனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றது. நாகசுரச் சீவாளி இரட்டை நாக்குடையது. கிளாரினெட்டின் நாணலோ ஒற்றை. ஊதுவாயின்மேல் அமர்ந்து அதிர்வதாகலின், இவ்விரண்டும் ஒன்றற்கொன்று இயைதல் இன்றியமையாதது.

ஊதுவாயின் நுனிக்கும் நாணலுக்கும் இடைப்பட்ட திறப்பு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவினது. திறப்பு மிகின் மெல்லிய நாணலும், குறையின் சற்று விறைத்ததும் பொருந்தும். தொடங்குவோர்க்கு நடுத்தரத் திறப்பே ஏற்றது. எபொனைட்டால் ஆயினும் பிளாஸ்டிக்கால் ஆயினும், நுனியில் வடுவின்றி, நாணல் அமரும் தளம் சமமாயிருத்தல் வேண்டும். ஆசிரியர் ஊதிப் பார்த்துத் தேர்தல் நலம்.

நாணல்கள் பெரும்பாலும் 1 முதல் 5 வரை எண்ணிடப்பெறும். அவ்வெண் விறைப்பைக் குறிப்பதேயன்றித் தடிப்பைக் குறிப்பதன்று. செய்வோர்தோறும் வேறுபடுவதும் உண்டு. தொடக்கத்தில் 2 அல்லது 2½ போதும். மிக விறைத்ததாயின் மூச்சு வீணாகும். மாணாக்கன் உதட்டைக் கடித்து அழுத்தப் பழகுவான். மிக மெலிந்ததாயின் சுருதி தாழும், மேல்ஸ்தாயி அடைபடும். எண் உயர்வதை வகுப்பு உயர்வதாக எண்ணிப் பெருமை கொள்ளும் பேதைமையை இளைஞர் விடுவாராக. மூன்று நான்கு நாணல்களை முறைமாற்றி ஊதி, ஊதியபின் ஈரந் துடைத்து வைப்பின் அவை நெடுநாள் உழைக்கும்.

இதற்குப் பொருள் ஏது எனச் சிலர் வினவலாம். புதுக் கருவி வாங்கும் செலவில் ஒரு சிறு பகுதியே நல்ல ஊதுவாய்க்கு வேண்டுவது. பழைய கருவியும் அதனால் இனிது ஒலிக்கும். புதுக் கருவியோ பழுதுற்ற ஊதுவாயால் பாழாகும். ஆதலின் கல்லூரிகள் குழுவினர்க்குப் பொத்தானும் பட்டையும் மின்னும் சீருடை தைக்குமுன், தொடங்கும் மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் தனி ஊதுவாய் ஒன்றும் நாணல் சிலவும் அளித்தல் கடன். ஒருவன் வாயில் வைத்ததை மற்றவன் வைப்பது உடல்நலத்துக்கும் ஒவ்வாது. பழைய மாணவர் நன்கொடை அளிக்க விரும்பின், இதனினும் சிறு செலவில் பெரும்பயன் தருவது பிறிதில்லை. இவையெல்லாம் அளித்தபின்னும் ஒருவனுக்கு நாதம் எழவில்லையாயின், அவன் திறமையைக் குறித்து அப்போது பேசுவோம்.