விண்ணிலே வீசம் பங்கு!

“வீசம்” என்ற சொல்லைக் காதாரக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

பாட்டன் வெட்டிய கிணறு ஒன்று. பிள்ளைகள் பெருகினர், பேரன்மார் பெருகினர், நிலத்தைக் கூறு போட்டனர். கிணற்றைக் கூறு போட முடியுமா? ஆகவே பத்திரத்திலே பங்கு எழுதினர். மூத்தவன் வழிக்கு அரை, அடுத்தவனுக்குக் கால், அதற்கடுத்தவனுக்கு அரைக்கால், எஞ்சிய இருவருக்கும் ஆளுக்கொரு வீசம்! பதினாறில் ஒரு பங்குக்கு உரிய அந்த ஏழை உழவன், தன் முறை நள்ளிரவிலே வந்தாலும் மண்வெட்டியைத் தோளிலே போட்டுக்கொண்டு வயலுக்கு ஓடுவான். தூர் வாரும் நாளிலே கயிற்றைப் பிடித்துத் தானும் கிணற்றுக்குள் இறங்குவான். வறுமை கற்றுக்கொடுத்த கணக்கு, அந்த வீசக் கணக்கு!

அந்தக் கணக்கை இன்று யார் படித்துக்கொண்டார்கள் தெரியுமா? அமெரிக்க நாட்டுக் கோடீசுவரர்கள்! கிணற்றுக்காக அல்ல, ஜெட் விமானத்துக்காக!

ஆம், தோழர்களே! ஒரு விமானத்தைப் பலர் கூடிப் பங்கு போட்டு வாங்குகிறார்கள். அரைப் பங்கு உண்டு, கால் பங்கு உண்டு, அரைக்கால் உண்டு. குறைந்தது எவ்வளவு என்று கேட்டால், 2003-ல் அந்நாட்டு விமானப் போக்குவரத்துத் துறை எழுதிய விதி விடை சொல்கிறது: ஜெட் விமானமானால் பதினாறில் ஒன்று, அதாவது வீசம். ஹெலிகாப்டரானால் முப்பத்திரண்டில் ஒன்று, அதாவது அரை வீசம்!

“சீமான்கள் பறந்தால் உமக்கேன் வயிற்றெரிச்சல்?” என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பறப்பது பாவமன்று, கூடி வாங்குவதும் குற்றமன்று. எந்தப் பெயரிலே பறக்கிறார்கள், அந்தப் பெயரைச் சொல்லி எந்த வரியிலிருந்து விலகுகிறார்கள் என்பதுதான் நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி. அதற்கு முன்னே, கதையைக் கேளுங்கள்.

1964-ல் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே, ஓய்வுபெற்ற விமானப்படைத் தளபதிகள் முன்னின்று வாடகை ஜெட் விமான நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசிய விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ் பின்னாளிலே அதன் தலைவரானார். 1984-ல் அந்த நிறுவனத்தை ரிச்சர்ட் சாந்துல்லி என்பவர் வாங்கினார். கணிதம் கற்றவர், வால்தெருவிலே தொழில் பழகியவர். 1986-ல் அவர் கொண்டுவந்த திட்டம்தான் “நெட்ஜெட்ஸ்”.

அவர் கண்ட கணக்கு எளிது. கல்லூரிப் படியைப் பாதியிலே இறங்கி வந்துவிட்ட எனக்கே புரிகிற கணக்கு! ஒரு செல்வர் ஒரு முழு விமானத்தை வாங்குகிறார். ஆண்டிலே எத்தனை நாள் பறப்பார்? பெரும்பாலான நாள்களில் அது கொட்டகையிலே தூங்கும். ஆனால் விமானிக்குச் சம்பளம் தூங்காது. பராமரிப்புச் செலவு தூங்காது. கடனுக்கு வட்டி தூங்கவே தூங்காது! பலர் சேர்ந்தால் அந்தப் பாரம் பங்காகிறது. ஆண்டுக்கு 800 மணி நேரம் பறக்கக் கூடியது என்று ஒரு விமானத்தை வைத்துக்கொண்டால், கால் பங்குக்காரருக்கு 200 மணி; வீசம் பங்குக்காரருக்கு 50 மணி. பங்கின் விலை முதலில். நிர்வாகக் கட்டணம் மாதந்தோறும். பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம். சில மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டால் போதும், விமானம் வாயிலுக்கு வந்து நிற்கும்.

இந்தத் திட்டத்திலே 1995-ல் கால் பங்கு வாங்கியவர்களில் ஒருவர் வாரன் பஃபெட், உலகின் மாபெரும் செல்வர்களுள் ஒருவர். அவருடைய நிறுவனத்துக்கு அதற்கு முன்பே சொந்த விமானம் இருந்தது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? “நியாயப்படுத்த முடியாதது!” நகைச்சுவை உணர்வுள்ள மனிதர், உண்மையையே பெயராக வைத்தார். பின்னர் பெயரை மாற்றினார். என்னவென்று? “இன்றியமையாதது!” விமானம் மாறவில்லை, வானம் மாறவில்லை, பழக்கம் பிடித்துக்கொண்டது, பெயர் மாறிவிட்டது. 1998-ல் நெட்ஜெட்ஸ் நிறுவனத்தையே அவருடைய பெர்க்ஷயர் ஹாத்தவே 72.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

நியாயம் சொல்ல முடியாதது எப்படி இன்றியமையாததாகிறது என்பதற்கு நாடகக்காரனாகிய நான் ஒரு நாடகம் காட்டுகிறேன். கற்பனை அல்ல, நடந்தது.

முதல் காட்சி. 2008 நவம்பர். வாஷிங்டன், நாடாளுமன்றக் குழுவின் மண்டபம். மோட்டார்த் தொழிலின் மூன்று பெரிய நிறுவனத் தலைவர்கள் நிற்கிறார்கள். “தொழில் மூழ்குகிறது, 2,500 கோடி டாலர் கடன் தாருங்கள்” என்று கை நீட்டுகிறார்கள். எப்படி வந்தீர்கள் என்று கேள்வி எழுகிறது. மூவரும் வந்தது தனித்தனி ஜெட் விமானங்களில்! மண்டபம் சிரிக்கிறது, நாடே சிரிக்கிறது.

இரண்டாம் காட்சி. அதே ஆண்டு டிசம்பர். அதே வாஷிங்டன், அதே மூவர். இம்முறை டெட்ராய்ட்டிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் காரிலே வருகிறார்கள்.

திரை! இந்த நாடகத்தைக் கண்டு கைதட்டியவர்கள், வெட்கம் வென்றது என்று எண்ணினார்கள். மறு ஆண்டு பங்கு விமானத் தொழிலுக்கும் அடி விழத்தான் செய்தது. 2009 ஒரே ஆண்டில் நெட்ஜெட்ஸ் அடைந்த நட்டம், வரிக்கு முன், 71.1 கோடி டாலர். நிறுவனத்தை வாங்கிய விலையே ஏறத்தாழ ஓராண்டில் கரைந்தது! தாய் நிறுவனத்தின் பிணை மட்டும் இல்லாதிருந்தால் தொழிலே நின்றிருக்கும் என்று பஃபெட்டே தம் பங்குதாரர்களுக்கு எழுதினார். சாந்துல்லி பதவி விலகினார்.

ஆனால், தோழர்களே, வெட்கத்துக்கு ஆயுள் குறைவு. சட்டத்துக்கு ஆயுள் அதிகம். சட்டம் என்ன செய்தது? கவனமாகக் கேளுங்கள்.

அமெரிக்காவிலே ஒரு பள்ளி ஆசிரியை, நோயுற்ற தாயைப் பார்க்கப் பொது விமானத்திலே செல்கிறாள் என்று வையுங்கள். பயணச்சீட்டின் விலையிலே 7.5 விழுக்காடு வரி. 400 டாலர் சீட்டானால் 30 டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு கட்டப் பறப்புக்கும் ஒரு வரி. பாதுகாப்புக் கட்டணமாக ஒரு வழிக்கு 5 டாலர் 60 சென்ட். அந்தப் பயண வரிகளைக் கொண்டுதான், வானத்திலே விமானங்கள் மோதிக்கொள்ளாமல் வழிகாட்டும் கோபுரங்களுக்குப் பெரும் பங்கு பணம் வருகிறது.

பங்கு விமானத்திலே போகிற சீமானுக்கு? 2012-ல் வந்த சட்டம் அந்த 7.5 விழுக்காட்டிலிருந்து அவரை விலக்கியது. அதற்குப் பதிலாக எரிபொருளுக்குக் காலனுக்கு 14.1 சென்ட் கூடுதல் வரி என்று வைத்தது. ஆசிரியைக்கு வரி, கொடுக்கிற காசின் அளவிலே. சீமானுக்கு வரி, குடிக்கிற எண்ணெயின் அளவிலே! விளைவு என்ன? விமானத் துறை வழிகாட்டுகிற ஆறு பறப்புகளில் ஒன்று தனி ஜெட். அந்தத் துறையின் நிதிக்கு வருகிற வரியிலே தனி ஜெட்டுகளின் பங்கு 2 விழுக்காடு. இது வாஷிங்டனில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட கணக்கு.

ஏன் இந்தச் சலுகை? அவர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பேசுவது நம் வழக்கமன்று. “நாங்கள் பயணிகள் அல்லோம், உடைமையாளர்கள். சொந்தக் காரிலே போகிறவன் பேருந்துக்குச் சீட்டு வாங்குவானா?” என்கிறார்கள்.

அழகான வாதம்! ஆனால் எந்தக் கார், ஐயா? வீசம் பங்குக்காரர் அழைத்தால் வருவது அவர் பங்கு வாங்கிய அதே விமானமா? பெரும்பாலும் அன்று! பங்காளிகள் அனைவரும் தத்தம் விமானத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். அருகிலே எது நிற்கிறதோ அது வரும். விமானம் வேறொருவருடையது, விமானி நிறுவனத்தின் ஊழியர், வழியும் வேளையும் வகுப்பது நிறுவனத்தின் அலுவலகம். அழைக்கிறார், ஏறுகிறார், இறங்குகிறார், மணிக்கு இவ்வளவு என்று கட்டுகிறார். இதற்குப் பயணம் என்று பெயரா, உடைமை என்று பெயரா? நம் வீசம் பங்குக்காரன் எவன் கிணற்றிலேயோ இறைத்துவிட்டு, “நானும் கிணற்றுக்காரன்” என்றால் ஊர் ஒப்புமா?

இத்தோடு முடிந்ததா? இல்லை. பயண வரி கேட்கும்போது உதவிய அதே “உடைமை” என்ற சொல், வருமான வரிக் கணக்கிலும் கைகொடுக்கிறது. தொழிலுக்காக வாங்கிய விமானத்தின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள 2017-ல் வந்த சட்டம் வழிவிட்டது, பழைய விமானமாயினும் சரியே. 2023 முதல் அது படிப்படியாகக் குறைந்துவந்தது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் முழுக் கழிவை மீட்டுத் தந்தது, அதுவும் நிலையாக! முழு விமானத்துக்கு உள்ள இந்த வழி, தொழிலுக்கென வாங்கிய பங்குக்கும் உண்டு. விமானமோ அந்த ஓராண்டிலே தேய்ந்துவிடவில்லை, பல்லாண்டு பறக்கும். தேய்ந்தது நாட்டின் கருவூலம்!

புகையின் கணக்கும் உண்டு. 2024 நவம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, 2023-ல் உலகத் தனி விமானங்கள் கக்கிய கரியமில வாயு 1 கோடியே 56 இலட்சம் டன். 2019-லிருந்து நான்கே ஆண்டில் 46 விழுக்காடு உயர்வு. பறப்புகளில் ஏறத்தாழப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவு. பறக்கிறவர்களோ உலகின் வயதுவந்தோரில் இலட்சத்துக்கு மூவர்! பங்கு போட்டதால் பயன் பெருகியது என்பார்கள். பெருகியது உண்மை. முழு விமானம் வாங்க இயலாதவரும் வீசத்தால் விண்ணேறினார். 2023-ல் நெட்ஜெட்ஸ், 15 ஆண்டுகளில் 1,500 விமானங்கள் வரை வாங்கிக்கொள்ள ஒரே ஒப்பந்தம் செய்துகொண்டது. பங்கு, பாரத்தைக் குறைத்தது; புகையைக் குறைக்கவில்லை.

அந்த விமானங்களைச் செய்கிற கைகள் எவை? கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரத் தொழிலாளரின் கைகள். 2024 செப்டம்பரிலே அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் வெளியிலே நின்று, புதிய ஒப்பந்தம் பெற்றுத்தான் உள்ளே போனார்கள். நெட்ஜெட்ஸ் விமானிகளும் தமக்கென ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களும் நெடிய போராட்டத்துக்குப் பிறகே 2015 இறுதியில் புதிய ஒப்பந்தம் கண்டார்கள். விலை மதிப்பற்ற நேரத்தை மிச்சப்படுத்தும் தொழில் என்று சொல்லிக்கொள்கிற தொழிலிலே, உழைப்பவன் தன் ஊதியத்துக்காக எத்தனை நாள் காத்து நிற்க வேண்டியிருக்கிறது பாருங்கள்!

தோழர்களே, விமானத்தைப் பார்த்துக் கல்லெறியச் சொல்லவில்லை நான். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்று உண்டு. 1999-ல், பங்கு விமானத்துக்கு விதி வகுக்க அமெரிக்க அரசு குழு அமைத்தபோது, அந்தத் தொழிலை நடத்துகிறவர்களே குழுவிலே அமர்ந்திருந்தார்கள். விமானத்தில் பங்காளிகளாக இருந்தவர்கள், விதி எழுதும் மேசையிலும் பங்காளிகளாக இருந்தார்கள். ஆசிரியை அந்த மேசையிலே இல்லை. அவள் சீட்டிலே வரி இருக்கிறது.

சீமான்கள் கூடினால் அது சிக்கனம், தொழில் நுட்பம், புதுமை. எளியோர் கூடினால் அது கலகம், கட்டுப்பாடின்மை என்று சொல்லுகிற நாக்குகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆகவே இனி எவரேனும் உங்களிடம், “அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும், கூட்டு, பங்கு, கூட்டுறவு என்பதெல்லாம் உதவாக்கரை ஏற்பாடு” என்று சொன்னால், விண்ணைச் சுட்டிக் காட்டுங்கள். அதோ, உலகின் பெருஞ்செல்வரெல்லாம் கூட்டுப் பங்கிலே பறக்கிறார்களே என்று கேளுங்கள்!

கிணற்றிலே வீசம் பங்கு வைத்திருந்தவன், வீசத்துக்குரிய வேலையையும் செய்தான். தூர் வாரும் நாளிலே ஒளிந்துகொள்ளவில்லை. விண்ணிலே வீசம் வாங்கியவரையும் நாம் கேட்பது அவ்வளவே: பறந்த அளவுக்குப் பங்கு கொடுங்கள், ஐயா! வானம் உங்கள் பாட்டன் வெட்டிய கிணறு அன்று.