அந்துருண்டையும் ஓர் அறிவியல் பாடமும்



இன்று ஓர் அந்துருண்டையைப் பற்றிக் கூற விழைகிறேன். ஆம், துணி அலமாரியில் பூச்சி அண்டாமலிருக்க நாம் போட்டு வைக்கும் அதே வெள்ளை உருண்டைதான். அதில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்த நாப்தலீன் என்னும் பொருள், அறிவியல் அறிஞரிடையே 14 ஆண்டுகள் நிலவிய ஓர் ஐயத்தைத் தீர்த்து வைத்தது. தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஒவ்வொருவரும் அக்கதையை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சில பொருள்களைக் கடுங்குளிரில் உறையவைத்துப் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, பின்னர் விளக்கை அணைத்தால் அவை உடனே இருண்டுவிடுவதில்லை. சில விநாடிகள் தாமாகவே ஒளிர்ந்த பின்னரே அடங்குகின்றன. (பிள்ளைகள் படுக்கையறையில் ஒட்டி வைக்கும், இருளில் மின்னும் நட்சத்திரங்களை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறிவிடாதீர்கள், அவை ஒளிரும் முறை வேறு.) 1944-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் லூயிசும் அவருடைய மாணவர் மைக்கேல் காஷாவும் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். மூலக்கூறில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்திருக்கின்றன. ஒவ்வோர் எலெக்ட்ரானும் ஒரு சிறு காந்தம் போன்றது. இணையிலுள்ள இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக இருப்பதால் அவற்றின் காந்தத்தன்மை வெளியே தெரிவதில்லை. ஒளி பட்டதும் ஓர் எலெக்ட்ரான் மேல்நிலைக்குச் செல்கிறது. அங்கே சில வேளைகளில் அதன் தற்சுழற்சி திரும்பி, இரண்டும் ஒரே திசையில் அமைந்துவிடுகின்றன. இதற்கு மும்மை நிலை என்று பெயர். அந்நிலையிலிருந்து பழைய இடத்திற்கு எளிதில் இறங்க இயலாது; ஆகவேதான் ஒளி தயங்கித் தயங்கி வெளிவருகிறது என்றனர்.

அழகான விளக்கம்தான். எனினும் அது ஊகமே. அன்றைய அறிஞர்களுள் சிலர் அதனை ஏற்கவில்லை. நம் பாடத்திட்டத்தில் உற்றறிதல், ஊகித்தல் என்று இரு திறன்களைத் தனித்தனியே கற்பிக்கிறோம் அல்லவா? ஒளிர்ந்ததைக் கண்டது உற்றறிதல். தற்சுழற்சி திரும்பியது என்பது ஊகித்தல். ஊகம் மெய்யானால், ஒளிரும் வேளையில் அப்பொருள் சிறிதளவேனும் காந்தத்தன்மை பெற்றிருக்க வேண்டும். 1945-இல் லூயிசும் மெல்வின் கால்வினும் ஒரு சாயப்பொருளில் அத்தகைய மெல்லிய காந்த விளைவைக் கண்டனர். ஆனால் அது மும்மை நிலையின் அடையாளங்கள் அனைத்தையும் காட்டவில்லை.

அதற்குரிய கருவி வேறிடத்தில் பிறந்தது. 1944-இல் சோவியத் நாட்டின் கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி எலெக்ட்ரான் தற்சுழற்சி ஒத்ததிர்வைக் கண்டறிந்தார். பொருளைக் காந்தப்புலத்தில் வைத்து மின்காந்த அலையைச் செலுத்தினால், இணையற்ற எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட ஒரு புலவலிமையில் அவ்வலையை உட்கவர்கின்றன. பிற்காலக் கருவிகளில் பெரும்பாலும் நொடிக்கு ஏறத்தாழ 900 கோடி முறை அதிரும் நுண்ணலையைப் பயன்படுத்தினர்.

கருவி வந்துவிட்டது, இனி எளிதுதானே? அதுதான் இல்லை. ஒளிரும் பொருள்களைக் கருவிக்குள் வைத்தபோது, எதிர்பார்த்த குறிப்பலை தென்படவில்லை. அப்படியானால் லூயிசின் ஊகம் பொய்யா?

இல்லை, மூலக்கூறுகள் நின்ற ஒழுங்கில்தான் சிக்கல் இருந்தது. மும்மை நிலையிலுள்ள இரு எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அதன் விளைவு, மூலக்கூறு காந்தப்புலத்தை நோக்கி எப்பக்கமாக நிற்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. உறைந்த கரைசலில் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொன்றும் வெவ்வேறு புலவலிமையில் உட்கவர்ந்து, குறிப்பலை பரவி இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. நம் சபைக்கூடலில் ஐந்நூறு மாணவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் வணக்கம் சொன்னால் எப்படியிருக்கும்? வெறும் இரைச்சல்தான். சேர்ந்து சொன்னால் பள்ளி வாயில் வரை கேட்கும்.

1958-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கிளைட் ஹட்சிசனும் பில்லி மங்கமும் இதைத்தான் செய்தனர். டியூரீன் என்னும் பொருளின் படிகத்தில் சிறிதளவு நாப்தலீனைக் கலந்தனர். டியூரீன் மூலக்கூறுகளின் இடத்தில் நாப்தலீன் மூலக்கூறுகள் ஒழுங்காக அமர்ந்துகொண்டன. படிகத்தைத் திரவ நைட்ரஜனின் குளிரில், அதாவது ஏறத்தாழ -196 பாகை செல்சியசில் வைத்து ஒளியூட்டியபோது குறிப்பலை தெளிவாகத் தோன்றியது. படிகத்தைத் திருப்பத் திருப்ப அது கோட்பாடு கூறியவாறே இடம் மாறியது. ஒளிர்வு தேய்வதைப் போலவே, ஒளியை நிறுத்தியதும் குறிப்பலையும் ஓரிரு விநாடிகளில் தேய்ந்தது. லூயிஸ் அதைக் காணவில்லை, 1946-லேயே மறைந்துவிட்டார்.

இன்று மின்னல் போன்ற லேசர் துடிப்பைப் பாய்ச்சி, ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிற்குள் தோன்றி மறையும் நிலைகளையும் இம்முறையால் ஆராய்கின்றனர். புதிதாய்ப் பிறந்த மும்மை நிலை சில இடங்களில் நுண்ணலையை உட்கவராமல் வெளியிடவும் செய்கிறது. அந்தக் கோலத்தைக் கொண்டு அது எவ்வழியில் பிறந்தது என்பதைக்கூட அறியலாம்.

சரி, இதற்கும் நம் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு? ஒரு மாணவர் தம் பரிசோதனை அறிக்கையில் "மாற்றம் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினால் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலான அறிக்கைகளில் சிவப்பு மையைத்தான் காண்கிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பின்னரும் இவ்வழக்கம் மாறவில்லை. மாணவர்களும் விரைவிலேயே கற்றுக்கொள்கின்றனர்: கண்டதை எழுதாதே, புத்தகத்திலுள்ளதை எழுது! பெற்றோர் சிலர் பிள்ளையின் செயற்றிட்டத்தை இரவோடு இரவாகத் தாமே திருத்தி, "சரியான" முடிவை வரவழைத்து அனுப்புகின்றனர். அன்பினால்தான் செய்கின்றனர் என்பதை அறிவேன். ஆயினும் கண்டதைக் கண்டவாறு எழுதும் துணிவை அப்பிள்ளையிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம்.

காணாததையெல்லாம் உண்டு என்று சாதிக்கும் உரிமை இதனால் எவருக்கும் கிடைத்துவிடாது. படிகத்தைத் திருப்பினால் குறிப்பலை எப்படி நகர வேண்டும் என்று கோட்பாடு முன்னரே கூறியிருந்தது. நகராதிருந்தால் ஊகம் வீழ்ந்திருக்கும்.

ஆகவே "மாற்றமில்லை" என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல், மேலும் இரு வினாக்களைக் கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை. எப்படிப் பார்த்தாய்? மாற்றம் உண்மையில் நிகழ்ந்திருந்தால், அது உன் கண்ணுக்குத் தப்பியிருக்க வழியுண்டா? நான்காம் ஆண்டு மாணவரே இவற்றிற்கு விடையளிக்க இயலும். திருத்துவதற்குத்தான் சற்றுக் கூடுதல் நேரம் பிடிக்கும்.