பழைய பொம்மைச் சிப்பாய்கள் பளபளக்க...

பாட்டனார் காலத்துப் பொம்மைச் சிப்பாய்கள் உங்கள் அலுமாரியில் மங்கிக் கிடக்கின்றனவா? துடைக்குமுன், அவை எதனால் ஆனவை என்று பாருங்கள். லண்டன் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் 1966 வரை ஈயத்தில் சிப்பாய்களை வார்த்தது. பொம்மை கனமாக இருந்து, வர்ணம் போன இடத்தைக் கடதாசியில் உரசும்போது சாம்பல் நிறக் கோடு விழுந்தால் அது ஈயமாக இருக்கலாம்.

ஈயம் நஞ்சு. பழைய வர்ணத்திலும் அது கலந்திருக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். எனவே சமையலறையில் வைத்துத் துடைக்காதீர்கள்; பிள்ளைகளையும் அருகே விடாதீர்கள். கையுறை அணியுங்கள்.

ஈரமாக்கிப் பிழிந்த பஞ்சில் ஒரு துளி மென்மையான சவர்க்காரம் தொட்டு, முதலில் அடிப்பாகத்தில் சோதியுங்கள். வர்ணம் ஒட்டி வராவிட்டால் மெதுவாகத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றியெடுங்கள். நன்கு உலர்ந்தபின் நிறமற்ற மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, மென்துணியால் தேய்த்தால் பழைய மினுக்கம் வரும்.

தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். பித்தளை துலக்கும் பொலிஷ் வர்ணத்தையே உரித்துவிடும். வினாகிரியும் தேசிக்காயும் ஈயத்தை அரிக்கும். புதிதாக வர்ணம் தீட்டினால் பழம்பொருளுக்குரிய மதிப்புப் போய்விடும்.

வர்ணம் உதிர்ந்தாலோ வெள்ளைத் தூள் படிந்திருந்தாலோ தொடாமல், பொலித்தீன் பையில் இட்டுத் தனியே வையுங்கள். அந்தத் தூளும் நஞ்சே. சில மரங்களிலிருந்து வரும் அமில ஆவியாலும் அது உண்டாகும். ஆகவே மரப்பெட்டியைத் தவிர்த்து, கண்ணாடிக்குள் வையுங்கள். பிள்ளைகள் பார்த்து ரசிக்கட்டும்; விளையாட வேறு பொம்மை கொடுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ மறவாதீர்கள்.